ஃபியூரி – உசிக் மறுபோட்டி: 116-112 சரியான தீர்ப்பா?

ஸ்கோர் நோட்டு:

2024 டிசம்பர் 21ல் ரியாத்தில் நடந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை, மே மாதம் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் தோற்ற டைசன் ஃபியூரி மறுபடி அவரோடு மோதியது, அதைப் பற்றி எங்கே பார்த்தாலும் ஒரே சத்தம், ஆனால் யாரும் ரவுண்டு ரவுண்டாகப் பேசுவதில்லை. அதனால் இங்கே தனியாக ஆரம்பிக்கிறேன். மூன்று ஜட்ஜும் ஒரே மாதிரி 116-112 என்று உசிக் பக்கம் எழுதினார்கள். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9 என்பது வழக்கமான கணக்கு, அதாவது பன்னிரண்டில் எட்டு ரவுண்டு உசிக்குக்கு, நாலு ஃபியூரிக்கு. ஃபியூரிக்கு நாலே நாலு ரவுண்டா என்று அவருடைய புரொமோட்டர் ஃபிராங்க் வாரன் கொதித்துப் போனார். ஃபியூரி முடிவைக் கேட்டதும் ரிங்கில் பேட்டிகூடக் கொடுக்காமல் இறங்கிப் போய்விட்டார், அப்புறம் ரெண்டு சண்டையும் தான்தான் ஜெயித்தேன் என்று சொன்னார்.

என் கணக்கு 115-113 உசிக். யார் ஜெயித்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, எட்டுக்கு நாலு என்ற இடைவெளி பொருந்துகிறதா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் எப்படிப் போட்டீர்கள்? நம்பரை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல் எந்த இடத்தில் சண்டை யார் பக்கம் சாய்ந்தது என்றும் சொல்லுங்கள்.

ஜிப்சி கிங் ரசிகன்:

115-113 ஃபியூரி. 2015ல் டுசெல்டார்ஃபில் அப்போதைய சாம்பியன் கிளிட்ச்கோவிடமிருந்து பெல்ட்டைப் பறித்த ராத்திரியிலிருந்து நான் ஃபியூரி ஆள், அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடவில்லை. முன்பாதியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முன்னால் நிற்கும் கையால் போடும் நேர் குத்து, அந்த ஜாபை வைத்து உசிக்கை எட்டவே நிறுத்தியவர் யார்? வலது கையை வயிற்றுக்கு இறக்கியவர் யார்? பின்பாதியில் உசிக் கை ஓங்கியது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபியூரி மொத்தம் 509 குத்து வீசியிருக்கிறார், உசிக் 423. அதிகம் வேலை செய்தவருக்கு நாலு ரவுண்டுதான் என்றால் அது என்ன கணக்கு?

கடைசி ரவுண்டு:

116-112 உசிக். சண்டையைப் பார்த்து முடித்தபோதே இதுதான் வரும் என்று நினைத்தேன். வாரன் தன் ஆளுக்காகக் கத்துவது அவர் தொழில், அதை ஜட்ஜ் கணக்கோடு ஏன் சேர்க்க வேண்டும்?

ஸ்கோர் நோட்டு:

ஜிப்சி, நீங்கள் எடுத்த அதே கம்ப்யூபாக்ஸ் கணக்கில், அதாவது குத்துகளை எண்ணும் கணக்கில், அடுத்த வரியையும் படியுங்கள். பட்ட குத்து உசிக்குக்கு 179, ஃபியூரிக்கு 144. உசிக் வீசியதில் நூற்றுக்கு 42 பட்டிருக்கிறது, ஃபியூரிக்கு 28. வீசியதற்கு யாரும் மார்க் போடுவதில்லை. மே மாதச் சண்டையில் இதே கணக்கு 170க்கு 157. அதாவது பதின்மூன்றாக இருந்த இடைவெளி முப்பத்தைந்தாகிவிட்டது. முதல் சண்டையைவிட மறுபோட்டியில் ஃபியூரி நெருங்கி வந்தார் என்று சொல்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் நான் இந்த நம்பர்களை முழுசாக நம்புகிறவன் இல்லை. ரிங் ஓரத்தில் ஆட்கள் உட்கார்ந்து, பார்க்கப் பார்க்கப் பொத்தானை அழுத்தி எண்ணுவதுதான் அது. ஜட்ஜ் கைக்கு அந்தத் தாள் போவதும் இல்லை. ஒரு ஆள் நிலை குலையும் குத்தும் ஒன்றுதான், தொட்டுவிட்டுப் போகும் ஜாபும் ஒன்றுதான் அந்தக் கணக்கில்.

இடதுகைக்காரி:

வணக்கம் அண்ணா, நான் இடது கை பாக்ஸர், இன்னும் ரிங்கில் ஏறுகிறேன், அதனால் உசிக் செய்வதை வேறு மாதிரி பார்ப்பேன். எல்லாரும் அவர் தலைக்கு அடித்த இடது கையைப் பற்றியே பேசுகிறீர்கள். மறுபோட்டியில் அவர் வயிற்றுக்கு இறக்கிய இடது நேர் குத்தைப் பாருங்கள். வலது கைக்காரர் நிற்கும்போது அவருடைய வலது விலாப் பக்கம் எங்களுக்குத் திறந்தே இருக்கும், ஈரல் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அவர் எங்களுக்கு வலது கையால் பதிலுக்கு அடித்தால் எங்கள் இடது பக்க வயிற்றில்தான் விழும். வலிக்கும், ஆனால் ஈரலில் வாங்குவது போல இல்லை. ரெண்டு பேரும் மாறி மாறி வயிற்றுக்கு அடித்துக்கொண்டால் முதலில் கால் கனப்பது வலது கைக்காரருக்குத்தான்.

ஃபியூரி மாதிரி 206 சென்டிமீட்டர் உயரமான ஆளின் தலையைத் தேடிப் போனால் கையை மேலே தூக்க வேண்டும், அப்போது நம் விலா திறந்துவிடும். வயிறு எங்கேயும் போகாது. உசிக் அவரைவிட 15 சென்டிமீட்டர் குள்ளம், அவருக்கு அது தோள் உயரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் கீழே ரெண்டு, ஃபியூரியின் முழங்கை கீழே வந்ததும் மேலே ஒன்று. பின்பாதி முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் ஸ்கோர் கார்டு 116-112.

ஜிப்சி கிங் ரசிகன்:

தங்கச்சி சொல்வது புரிகிறது, ஆனால் மே மாதம் அதே வயிற்று அடியை ஃபியூரிதானே கொடுத்தார்? அந்தச் சண்டையின் நடு ரவுண்டுகளில் கீழிருந்து மேலே போடும் குத்தான வலது அப்பர்கட்டை வயிற்றில் ஏற்றி உசிக்கை ரிங் முழுக்க நகர்த்தினார். உசிக் முகத்தில் அன்று தெரிந்த வேதனையை நான் வேறு எந்தச் சண்டையிலும் பார்த்ததில்லை. அந்த ஃபியூரி இப்போது எங்கே போனார் என்பதுதான் எனக்கும் ஆதங்கம்.

ராயபுரம் கார்னர்:

எங்கே போனார் என்றால் தராசில் போனார். நான் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மே மாதம் ஃபியூரி 262 பவுண்டு. டிசம்பரில் 281. ரெண்டு பேரும் உடையோடுதான் தராசில் ஏறினார்கள், அதனால் ஒன்றிரண்டு கிலோ கழித்துக்கொள்ளுங்கள், அப்படியும் உசிக்கின் 226க்கும் அவருக்கும் கிட்டத்தட்ட 25 கிலோ வித்தியாசம். இது தற்செயலாக ஏறிய எடை இல்லை, திட்டம் போட்டு ஏற்றியது. 2018ல் அமெரிக்க பாக்ஸர் டியான்டே வைல்டரோடு டிரா ஆன சண்டைக்கு ஃபியூரி 256 பவுண்டு சொச்சத்தில் போனார், காலை வைத்து ஆடினார், ரெண்டு முறை விழுந்து எழுந்தார். மறுபோட்டிக்குப் பயிற்சியாளரையே மாற்றினார். பென் டேவிசன் போய் ஷுகர்ஹில் ஸ்டீவர்ட் வந்தார், எடை 273க்கு ஏறியது, 2020 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் முதல் மணியிலிருந்தே முன்னால் நடந்து போய் ஏழாவது ரவுண்டில் வைல்டரின் கார்னரில் நின்ற அவர் ஆட்களே தோல்வியை ஒத்துக்கொண்டு துண்டை வீச வைத்தார். மறுபோட்டி என்றால் பருமனாக வந்து நசுக்கு, இந்தப் பாடம் அங்கே படித்தது.

நசுக்குவது என்றால் என்ன என்று ஜிம்மில் வந்து பார்த்தால் தெரியும். கனமான பையன் எதிராளியின் பிடரியில் முன்கையைப் போட்டுத் தன் எடையை அப்படியே இறக்குவான். கீழே இருப்பவன் குத்து எதுவும் வாங்கியிருக்க மாட்டான், ஆனால் ஒவ்வொரு முறை பிரியும்போதும் தொடை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். நாலு ரவுண்டு இதைச் செய்தால் ஐந்தாவது ரவுண்டில் அவனுக்கு ஓட முடியாது. வைல்டர் நேராகப் பின்வாங்குகிற ஆள், கயிற்றில் போய் முட்டுவார், அங்கே அவரைப் பிடித்துச் சாய்வது சுலபம்.

உசிக் பிடி கொடுக்கிற ஆளா? அடித்த இடத்தில் அவர் நிற்பதே இல்லை. குத்து முடியும்போது முன்கால் ஏற்கெனவே வெளிப்பக்கம் போய்விட்டிருக்கும், ஃபியூரி கையை நீட்டும்போது அங்கே கழுத்து இல்லை. பிடிக்க முடியாத ஆளுக்கு எதிரே எடை ஏற்றினால் அந்த எடையைச் சுமக்கப் போவது நீங்கள்தான். பன்னிரண்டு ரவுண்டும் அந்த ஒன்பது கிலோவைச் சுமந்தவர் ஃபியூரி. முன்பாதியில் அவர் நன்றாக இருந்தார், ஜிப்சி சொல்வது சரி. பின்பாதியில் மே மாதம் செய்த மாதிரி கால் மாற்றி, கோணம் மாற்றி அப்பர்கட் போட அவருக்கு இடுப்பு திரும்பவில்லை. என் கார்டும் 116-112தான்.

ஜிப்சி கிங் ரசிகன்:

மாஸ்டர், எடை தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மே மாதம் ஒன்பதாவது ரவுண்டில் அடி வாங்கிக் கிட்டத்தட்ட முடிந்தே போயிருந்த ஆள், டிசம்பரில் ஒரு முறைகூடக் கீழே போகவில்லை, ஒரு முறைகூடத் தள்ளாடி ரிங் முழுக்க ஓடவில்லை. எடை ஏற்றியது தாக்குப்பிடிக்க உதவியது என்று ஏன் சொல்லக் கூடாது?

ராயபுரம் கார்னர்:

சொல்லலாம். தாங்கினார். ஆனால் தாங்குவதற்காகவா ரிங்கில் ஏறினார்? பெல்ட்டைத் திரும்ப வாங்க வந்தவர்.

ஸ்கோர் நோட்டு:

ஒன்பதாவது ரவுண்டு பேச்சு வந்ததால் மே 18 கார்டுகளை எடுத்து வைக்கிறேன், இது பலர் கவனிக்காத விஷயம். அன்று மூன்று தீர்ப்பு: 115-112 உசிக், 114-113 உசிக், 114-113 ஃபியூரி. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி விழுந்ததாக வைத்து நடுவர் மார்க் நெல்சன் எண்ணியதால் அது 10-8 ரவுண்டு. அந்த எண்ணிக்கை இல்லாமல் வெறும் 10-9 என்று எழுதியிருந்தால் ஃபியூரிக்கு ஒவ்வொரு கார்டிலும் ஒரு புள்ளி கூடும். அப்போது 115-113 உசிக், 114-114, 115-113 ஃபியூரி. அதாவது டிரா! நாலு அமைப்புகளின் உலகப் பட்டங்களில் உசிக் கையில் மூன்று பெல்ட், ஃபியூரி கையில் டபிள்யூபிசி பெல்ட், நாலும் வந்த இடத்திலேயே இருந்திருக்கும். லெனாக்ஸ் லூயிஸுக்கு அப்புறம் முதல் முறையாக எல்லா ஹெவிவெயிட் பெல்ட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தது என்று உலகமே கொண்டாடியதே, அது அந்த ஒரு எண்ணிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜிப்சி கிங் ரசிகன்:

இதைத்தான் நான் அன்றிலிருந்து சொல்கிறேன்! ஃபியூரி தரையைத் தொடவே இல்லை. கயிற்றில் சாய்ந்தவர் நின்றுகொண்டுதான் இருந்தார். அதற்கு எண்ணலாமா?

இடதுகைக்காரி:

எண்ணத்தான் வேண்டும் அண்ணா. கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்று நடுவருக்குத் தோன்றினால் அது நாக்டவுன், விதியிலேயே இருக்கிறது. எங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள், கயிறு உன்னைக் காப்பாற்றினாலும் கணக்கில் நீ விழுந்தவள்தான் என்று.

அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உசிக்கின் இடது கை பட்டதும் ஃபியூரியின் கால் ரெண்டும் தனித்தனியாகப் போகின்றன. ஒரு பக்கக் கயிற்றிலிருந்து அடுத்த பக்கத்துக்கு உடம்பு தானாக உருண்டு போகிறது, கை தொங்குகிறது, தற்காப்பு என்று ஒன்றுமே இல்லை. மூலையில் போய் விழுந்து மீள்வதற்குள் இன்னும் ரெண்டு மூன்று பட்டுவிட்டது. நடுவர் குறுக்கே வந்தது அப்போதுதான். என்னைக் கேட்டால் கோபப்பட வேண்டியது உசிக் தரப்பு. அந்த எண்ணிக்கை ஃபியூரிக்கு மூச்சுவிட எட்டு நொடி கொடுத்தது, அதோடு மணியும் அடித்துவிட்டது. விட்டிருந்தால் அடுத்த இடது கையில் சண்டை முடிந்திருக்கும்.

கடைசி ரவுண்டு:

இதை நானும் வழிமொழிகிறேன். அந்த எண்ணிக்கையால் உசிக்குக்கு ஒரு புள்ளி வந்தது, ஒரு நாக்அவுட் போனது.

பழைய ரீல்:

கொஞ்சம் தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பெரிசுகள் கதை பேசுகிறது என்று நினைக்காமல் படியுங்கள், விஷயத்தோடு சேர்ந்ததுதான்.

ஹெவிவெயிட் மறுபோட்டிகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தோற்றவர்தான் மாறி வருவார். ஜெயித்தவர், ஏற்கெனவே ஜெயித்த வழிதானே என்று அதே ஆட்டத்தைக் கொண்டுவருவார். 1936ல் ஜோ லூயி ஜாப் போட்டுவிட்டு இடது கையைத் தாழ்த்துவதை ஷ்மெலிங் படச்சுருளில் பார்த்து வைத்திருந்தார், அந்த இடைவெளியில் வலது கையைச் செலுத்திப் பன்னிரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். 1938 ஜூன் 22ல் யாங்கீ ஸ்டேடியத்தில் வந்த லூயி வேறு ஆள், காத்திருக்கவே இல்லை, 124 நொடியில் முடித்துவிட்டார். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ரஹ்மான் ஒரே வலது கையில் லெனாக்ஸ் லூயிஸைத் தூக்கி எறிந்தார். நவம்பரில் லூயிஸ் ஒழுங்காகத் தயாராகி வந்து நாலாவது ரவுண்டில் அவரை மல்லாத்தினார். 2019 இன்னும் பக்கத்தில் இருக்கிறது: ஜூனில் நியூயார்க்கில் ஜோஷ்வாவை ரூயிஸ் நாலு முறை கீழே தள்ளிப் பெல்ட்டை வாங்கினார், டிசம்பரில் சவூதியில் இருக்கும் திரியாவுக்கு 283 பவுண்டில் வந்து நின்றார், முதல் சண்டைக்கு 268தான். ஜோஷ்வா அன்று தொட்டுவிட்டு ஓடி, தொட்டுவிட்டு ஓடி, பன்னிரண்டு ரவுண்டும் அவரைச் சுற்ற வைத்து ஜெயித்தார். பார்க்க அழகாக இல்லை, ஆனால் அன்று அதுதான் சரி.

இந்த வரிசையில் உசிக் ஒரு விதிவிலக்கு. ஜெயித்த சண்டைக்கும் மறுபடி புதிதாகத் தயாராகிறவர் அவர். 2021ல் லண்டனில் ஜோஷ்வாவை ஜெயித்தார். 2022 ஆகஸ்டில் ஜெட்டாவில் ஜோஷ்வா நிஜமாகவே மாறி வந்தார், வயிற்றுக்கு அடித்தார், ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கை நன்றாகவே ஆட்டினார். அடுத்த ரவுண்டில் உசிக் என்ன செய்தார் என்று பாருங்கள். அந்தச் சண்டையிலேயே மிக வேகமான மூன்று நிமிடம் அதுதான், தான் அடி வாங்கிய ரவுண்டுக்கு மறு நிமிடமே வந்த பதில். இந்தத் தடவையும் அப்படித்தான். மே மாதம் எட்டாவது ரவுண்டுக்கு அப்புறம்தான் ஃபியூரியின் விடையைக் கண்டுபிடித்தார், டிசம்பரில் சண்டை பாதியைத் தொடும் முன்னாலேயே அது அவர் கையில் இருந்தது. ஃபியூரி எடையை மாற்றினார், உசிக் நேரத்தை மாற்றினார். எனக்கு 116-112ல் ஒரு குறையும் தெரியவில்லை.

ஜிப்சி கிங் ரசிகன்:

ஐயா எழுதியதில் லூயிஸ் பேர் வந்ததால் கேட்கிறேன். 1999 மார்ச்சில் லூயிஸ் – ஹோலிஃபீல்ட் முதல் சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லூயிஸ் தெளிவாக ஜெயித்த சண்டையை ஒரு ஜட்ஜ் 115-113 என்று ஹோலிஃபீல்டுக்கு எழுதி, இன்னொருவர் 115-115 போட்டு, டிரா ஆக்கினார்களே. ஜட்ஜுகள் தப்பே செய்ய மாட்டார்கள் என்ற மாதிரி இங்கே எல்லாரும் பேசுகிறீர்கள்.

பழைய ரீல்:

அப்படி நான் சொல்லவே இல்லை. அந்த மேடிசன் ஸ்கொயர் கார்டன் தீர்ப்பு இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஐந்தாவது ரவுண்டில் லூயிஸ் ஹோலிஃபீல்டைக் கயிற்றில் வைத்து அடித்து நொறுக்கினார், அந்த ரவுண்டையே ஹோலிஃபீல்டுக்கு எழுதிய கார்டு அது. அநியாயம் என்றால் அதுதான் அநியாயம், எந்த ரவுண்டு என்று விரல் வைத்துக் காட்டலாம். நவம்பரில் மறுபோட்டி வைத்து லூயிஸுக்கே கொடுத்தார்கள், அதில் முதல் சண்டை அளவுக்கு அவர் ஆதிக்கம் இல்லை என்றாலும்.

இந்த டிசம்பர் சண்டையில் அப்படி ஒரு ரவுண்டை நீங்கள் காட்ட முடியுமா? ஃபியூரி உசிக்கை அடித்துத் துவைத்தும் உசிக்குக்கு எழுதப்பட்ட ரவுண்டு எது?

ஜிப்சி கிங் ரசிகன்:

அடித்துத் துவைத்த ரவுண்டு இல்லை. ஆனால் நெருக்கமான ரவுண்டு குறைந்தது நாலு இருந்தது, அந்த நாலும் ஒரே பக்கம் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஸ்கோர் நோட்டு:

இந்த இடத்தில்தான் நான் உங்களோடு கொஞ்சம் சேர்ந்து நிற்கிறேன், என் கார்டும் 115-113தானே. ஆனால் ஒரு விஷயம். நெருக்கமான ரவுண்டு நாலு இருந்தால் ஆளுக்கு ரெண்டு பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஒவ்வொரு ரவுண்டும் தனிச் சண்டை. முந்தைய ரவுண்டில் என்ன எழுதினோம் என்பதை மறந்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். மயிரிழையில் நாலு ரவுண்டை ஒருவரே எடுத்தால் நாலும் அவருக்குத்தான். அப்படிப் போகும்போது கார்டில் 116-112 என்று அகலமாகத் தெரியும், ரிங்கில் நெருக்கமாகத் தெரிந்திருக்கும். ரெண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

நெருக்கமான ரவுண்டில் ஜட்ஜ் எதைப் பார்ப்பார்? சுத்தமாகப் பட்ட, கனமான குத்து. ஃபியூரியின் ஜாப் உசிக்கின் கையுறையில் நிறையப் பட்டது. உசிக்கின் இடது கை பட்டால் ஃபியூரியின் தலை பின்னால் போனது, ரிங் ஓரத்தில் இருப்பவருக்கு அது தெளிவாகத் தெரியும். தாடி அசைவதுகூடத் தெரியும், அந்தத் தாடி நீளத்தைப் பற்றி உசிக் தரப்பு முன்னாடியே புகார் சொல்லியிருந்தது வேறு விஷயம்.

கடைசி ரவுண்டு:

அந்தச் செயற்கை நுண்ணறிவு ஜட்ஜ் உசிக்குக்கு 118-112 போட்டதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

ஸ்கோர் நோட்டு:

அது சோதனைக்கு வைத்தது, தீர்ப்பில் சேராது. கூட்டிப் பாருங்கள், 118ம் 112ம் சேர்ந்து 230 வருகிறது. பன்னிரண்டு ரவுண்டும் 10-9 என்றால் 228தான் வர வேண்டும். அப்படியென்றால் ரெண்டு ரவுண்டு 10-10 என்று விட்டிருக்கிறது. மனித ஜட்ஜ் அப்படிச் சமமாக விடுவது ரொம்ப அபூர்வம், யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றுதான் அவர்களைப் பழக்குகிறார்கள். எந்த அளவுகோலில் அது ரவுண்டைப் பிரித்தது என்று வெளிப்படையாகச் சொல்லும்வரை நான் அதைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன், அது என் பக்கம் பேசினாலும்.

இடதுகைக்காரி:

எனக்கு இன்னொரு வருத்தம் இருக்கிறது. இந்த மறுபோட்டி நாலு பெல்ட்டுக்கும் நடந்திருக்க வேண்டும். மே மாதம் நாலையும் சேர்த்தவர் ஜூனிலேயே அதில் ஒன்றான ஐபிஎஃப் பெல்ட்டை விட வேண்டியதாயிற்று, டேனியல் டுபுவா கட்டாயப் போட்டியாளர், அவரோடுதான் அடுத்து மோத வேண்டும் என்று. மறுபோட்டி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, ஃபியூரியோடு சண்டை நிச்சயம் நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அப்படியும் ஆறு மாதம் பொறுக்க முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த ஒன்றை ஒன்றரை மாதம்கூட வைத்திருக்கவில்லை. ரிங்கில் சம்பாதித்ததை மேசையில் பிடுங்குகிறார்கள்.

ராயபுரம் கார்னர்:

அதில் மாற்றுக் கருத்தே இல்லை தங்கச்சி. பையன்கள் என்னிடம் சாம்பியன் யார் என்று கேட்டால் ஒரே பேரைச் சொல்ல முடிய வேண்டும்.

ஜிப்சி கிங் ரசிகன்:

2025 ஜனவரி 13. ஃபியூரி ஓய்வு அறிவித்துவிட்டார். சின்ன வீடியோ, அவ்வளவுதான். இதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார், திரும்பி வந்திருக்கிறார், அதனால் பூட்டிவிட்டதாக நினைக்கவில்லை. ஆனால் இது மட்டும் கடைசி என்றால், உசிக்கைத் தவிர இந்த உலகத்தில் யாராலும் அவரை ஜெயிக்க முடியவில்லை என்பதை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 37 சண்டை, ரெண்டு தோல்வி, ரெண்டும் ஒரே ஆளிடம்.

பழைய ரீல்:

எழுதி வைக்க வேண்டியதுதான். 2015க்கு அப்புறம் மூன்று வருடம் எந்த நிலையில் கிடந்தார், அங்கிருந்து எப்படி எழுந்து வந்தார் என்று பார்த்தவன் யாரும் அந்த மனுஷனைச் சின்னதாகப் பேச மாட்டான்.

கடைசி ரவுண்டு:

ஜூலை 2025. இந்தப் பேச்சை மேலே தூக்குகிறேன். வெம்பிளி பார்த்தீர்களா? உசிக் – டுபுவா மறுபோட்டி, ஐந்தாவது ரவுண்டிலேயே டுபுவா ரெண்டு முறை கீழே, சண்டை முடிந்தது. நாலு பெல்ட்டும் திரும்ப உசிக்கிடம். 2023ல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில் முதல் சண்டை முடிய ஒன்பதாவது ரவுண்டு வரை ஆனது, அதுவும் நடுவில் அந்த இடுப்புக்குக் கீழே பட்ட குத்தா இல்லையா என்ற தகராறோடு. இந்த முறை தகராறுக்கே இடம் வைக்கவில்லை. பழைய ரீல் ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, மறுபோட்டியில் விடை இன்னும் சீக்கிரம் வருகிறது.

பழைய ரீல்:

38 வயதில் இப்படி ஒரு சண்டை. சிம்ஃபெரோபோலில் பிறந்த பையன், 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம், ஹெவிவெயிட்டுக்கு அடுத்த கீழ் எடையான க்ரூசர்வெயிட்டில் எல்லா பெல்ட்டும், ஹெவிவெயிட்டில் ரெண்டு தடவை எல்லா பெல்ட்டும். நம் காலத்தில் பார்க்கக் கிடைத்ததற்கே சந்தோஷப்படுகிறேன்.

ஜிப்சி கிங் ரசிகன்:

வாழ்த்துகள் உசிக்குக்கு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் எனக்கு மூன்றாவது சண்டை வேண்டும். மாஸ்டர், நீங்கள் ஃபியூரியின் கார்னரில் நின்றால் என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்? நேராகச் சொல்லுங்கள், நடக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ராயபுரம் கார்னர்:

நடக்காது என்று சொல்ல மாட்டேன், மே மாதம் நடு ரவுண்டுகளில் அவர் செய்ததே சாட்சி. முதலில் எடையை 262க்கு மேல் ஏற விட மாட்டேன், முடிந்தால் 258. சாய்ந்து நசுக்கும் பேச்சையே எடுக்கக் கூடாது. ரெண்டாவது, கால். ரெண்டு சண்டையிலும் களைத்த பிறகு அவர் தன் வலப்பக்கமாக நகர்ந்து நேராக உசிக்கின் இடது கைக்குள்ளேயே நடந்து போனார். இடப்பக்கமாக நகர வேண்டும், தன் முன்காலை உசிக்கின் முன்காலுக்கு வெளியே வைக்க வேண்டும், மூச்சு வாங்கினாலும் அதை விடக் கூடாது. மூன்றாவது, வயிற்றுக்குப் போடும் அந்த வலது அப்பர்கட். அது நாலாவது ரவுண்டுக்கு மேல் வந்தால் பிரயோஜனம் இல்லை, முதல் ரவுண்டிலிருந்தே வர வேண்டும், தலையைத் தேடவே வேண்டாம். உசிக் விடை கண்டுபிடிக்க அஞ்சாறு ரவுண்டு எடுத்துக்கொள்கிற ஆள். அதற்குள் அவர் காலில் ரெண்டு ரவுண்டு அளவுக்காவது கனம் ஏற்றிவிட வேண்டும். இதைச் செய்தால் 50க்கு 50 என்பேன். 281ல் வந்தால் நான் அந்தக் கார்னரில் நிற்க மாட்டேன்.